தொங்கும் கூட்டின் கீழே குடியிருப்போருக்கு

சென்னை, கோவை, மதுரை, திருச்சி என ஊர் எதுவானாலும், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நலச் சங்கங்களில் பொறுப்பு வகிப்போருக்கும் அந்த வீடுகளில் வசிப்போருக்கும் ஒரு மடல்.

மழைக்காலம் முடிந்து, புங்கையும் வேம்பும் பூக்கத் தயாராகும் நாட்களில், உங்கள் கட்டடத்தின் ஏதாவது ஒரு சன்ஷேடுக்கு அடியிலோ மேல்நிலை நீர்த்தொட்டியின் அடிப்புறத்திலோ கறுப்பாக ஒன்று வந்து ஒட்டிக்கொள்கிறது. ஐந்தாம் மாடியில் யாரோ படம் எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போடுகிறார்கள். வீட்டில் கைக்குழந்தை இருப்பவர் கவலைப்படுகிறார், இன்னொருவர் பள்ளியில் நடந்த விபத்துச் செய்தியைப் பகிர்கிறார், மாலைக்குள் பூச்சிமருந்து அடிப்பவரின் எண் வந்துவிடுகிறது. மறுநாள் காலையில் வாட்ச்மேன் கூட்டித் தள்ளும் குவியலில் ஆயிரக்கணக்கான உடல்கள் கிடக்கின்றன. சில இன்னும் காலை அசைத்துக்கொண்டிருக்கும்.

அந்த எண்ணை அழைப்பதற்கு முன்னால் படிப்பதற்காகவே இந்த மடல். கூட்டைக் கண்டு பயப்படுவதில் தவறே இல்லை. கூடு ஏன் அப்படி அலையலையாக மின்னுகிறது, இரவில் ஏன் வீட்டுக்குள் வருகிறது, கார்மேல் மஞ்சள் புள்ளிகள் எங்கிருந்து விழுகின்றன, ஒன்று கொட்டினால் ஏன் நூறு துரத்துகின்றன என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் அந்தப் பூச்சியின் உடலிலேயே விடை இருக்கிறது. அந்த விடைகளைத் தெரிந்துகொண்ட சங்கம் மருந்தடிக்கும் முடிவை அவ்வளவு சீக்கிரம் எடுக்காது என்பதே இந்த மடலின் நம்பிக்கை.

முதலில் ஆளை அடையாளம் காண்போம். நம் ஊரில் இயல்பாக வாழும் தேனீக்களில் கொடுக்கே இல்லாத கொசுத்தேனீதான் மிகச் சிறியது. மெல்லிய கிளையில் உள்ளங்கையளவு அடை கட்டும் கொம்புத்தேனீ 1 சென்டிமீட்டருக்கும் குறைவு. மரப்பொந்தில் அடுக்கடுக்காக அடை கட்டுவதும், பெட்டியில் வைத்து வளர்க்கப்படுவதுமான அடுக்குத்தேனீ 1 சென்டிமீட்டரை ஒட்டி வரும். உங்கள் சன்ஷேடில் தொங்குவது இவற்றில் எதுவுமில்லை. அது மலைத்தேனீ. பாறைத்தேனீ என்றும் பெருந்தேனீ என்றும் சொல்வார்கள். 1793இல் டென்மார்க் நாட்டுப் பூச்சியியலாளர் ஃபேப்ரிசியஸ் அதற்கு ஏபிஸ் டார்சேட்டா என்று அறிவியல் பெயர் வைத்தார். வேலைக்காரத் தேனீயின் நீளம் 17 முதல் 20 மில்லிமீட்டர். அடுக்குத்தேனீயை அதன் பக்கத்தில் வைத்தால் ஏறக்குறையப் பாதிதான் இருக்கும்.

பால்கனித் தரையில் செத்துக் கிடக்கும் ஒன்றை எடுத்து வெள்ளைத்தாளில் வைத்துப் பாருங்கள். கையால் தொடாமல் தாளாலேயே வாரி எடுப்பது நல்லது. செத்த தேனீயின் கொடுக்கிலும் விஷம் இருக்கும். தலையும் மார்பும் கறுப்பு. மார்பின்மேல் பழுப்பும் கறுப்புமாகக் குறுமயிர் அடர்ந்திருக்கும். வயிற்றின் முன்பகுதி வளையங்கள் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறத்தில் பளிச்சென்று இருக்க, பின்பகுதி கறுத்து, வெளிறிய மெல்லிய பட்டைகளோடு முடியும். முன்னிறகுகள் கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதில்லை; புகை படிந்த நிறம், அதிலும் முன் ஓரம் இன்னும் கருமை. முன்னிறகின் நீளம் மட்டும் 13 மில்லிமீட்டர் அளவுக்கு வரும். கைப்பேசிக் கேமராவை நெருக்கிப் பிடித்தால், பின்னிறகின் விளிம்பில் நுண்ணிய கொக்கிகள் வரிசையாகத் தெரியும். பறக்கும்போது இந்தக் கொக்கிகள் முன்னிறகின் மடிப்பில் மாட்டிக்கொள்ள, இரண்டும் ஒரே இறகாக வேலை செய்கின்றன.

பின்னங்காலைப் பாருங்கள். வெளிப்பக்கம் சற்றே குழிந்து, வழவழப்பாக, ஓரங்களில் நீண்ட மயிர் வளைந்து நிற்கும் பகுதிதான் மகரந்தக்கூடை. அதில் மஞ்சளாகவோ வெண்மையாகவோ ஓர் உருண்டை ஒட்டியிருந்தால், அந்தத் தேனீ வேலையிலிருந்து திரும்பும் வழியில் செத்தது என்று பொருள். கூட்டுக்கண்களின்மேல்கூட நுண்மயிர் உண்டு. உடம்பெல்லாம் மயிராக இருப்பதால்தான் பூவுக்குள் நுழைந்து வந்ததும் மகரந்தம் அப்பிக்கொள்கிறது. குளவிக்கும் தேனீக்கும் உள்ள வித்தியாசமும் இங்கேயே தெரிந்துவிடும். குளவியின் உடல் பெரும்பாலும் மழமழவென்று மினுங்கும், இடை ஒடுங்கியிருக்கும், காலில் மகரந்தக்கூடை கிடையாது. இரண்டும் கொட்டும் என்பதால் மக்கள் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறார்கள்.

இனி கூட்டுக்கு வருவோம். கீழேயிருந்து பார்க்கும்போது கறுப்பாகத் தொங்குவதை அடை என்று நினைப்போம். உண்மையில் அடை நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. தெரிவதெல்லாம் தேனீக்களின் உடல்கள். மலைத்தேனீ ஒரே ஓர் அடைதான் கட்டும், அதையும் திறந்தவெளியில் கட்டும். பொந்தில் வாழும் அடுக்குத்தேனீக்கு மரம் சுவராக நிற்கிறது. இதற்குச் சுவர் கிடையாது. ஆகவே கூட்டத்தில் பெரும்பங்கு தேனீக்கள், ஒன்றன் காலை ஒன்று பற்றி, தலை மேலே வயிறு கீழே என்று பல அடுக்காகத் தொங்கி, அடையின் இரு பக்கங்களையும் திரையிட்டு மூடிக்கொள்கின்றன. மழை பெய்தால் இறகுகள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்து நீரை வழியவிடுகின்றன. வெயிலில் திரை தளர்கிறது, குளிரில் இறுகுகிறது. உள்ளே வளரும் புழுக்களுக்கு வேண்டிய சூடு குறையாமலும் மிகாமலும் காக்கப்படுகிறது. பெரிய கூட்டில் அடை 1 மீட்டருக்கு மேல் அகலமிருக்கும். தேனீக்கள் பல்லாயிரம், சில கூடுகளில் லட்சத்தை நெருங்கும்.

அடைக்கான மெழுகும் உடம்பிலிருந்தே வருகிறது. வேலைக்காரத் தேனீயின் வயிற்றின் அடிப்புறத்தில் நான்கு இணை மெழுகுச் சுரப்பிகள் இருக்கின்றன. சுரந்து செதிலாக உறைவதைக் காலால் எடுத்து, வாயில் மென்று, அறுகோண அறையாக ஒட்டவைக்கின்றன. அடையின் மேல்பகுதியில், கட்டடத்தை ஒட்டிய இடத்தில், தேன் சேர்கிறது. அங்கே அடை கனத்துப் பருத்திருக்கும். அதற்கடுத்து மகரந்தம். கீழே முட்டைகளும் புழுக்களும் கூட்டுப்புழுக்களும். மற்றத் தேனீக்களில் ஆண் குஞ்சுக்கென்று தனியாகப் பெரிய அறைகள் இருக்கும். மலைத்தேனீயில் ஆணும் வேலைக்காரியும் ஒரே அளவு அறையில் வளர்கின்றன. இராணியைக்கூட அளவை வைத்துச் சட்டென்று பிரித்துவிட முடியாது, வேலைக்காரியைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான்.

தேன் மேலேயும் குஞ்சுகள் கீழேயும் இருக்கும் இந்த அமைப்பை நீலகிரியின் குறும்பர்களும் சத்தியமங்கலம் பக்கத்து இருளர்களும் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். கொடியால் பின்னிய ஏணியில் பாறை முகட்டிலிருந்து இறங்கித் தேனெடுக்கும் மக்கள் அவர்கள். கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை அவர்களோடு இத்துறையில் நீண்டகாலமாக வேலை செய்துவருகிறது. தேன்பகுதியை மட்டும் அறுத்து, குஞ்சுப்பகுதியை விட்டுவிட்டால், கூட்டம் அங்கேயே தங்கி மீண்டும் அடை வளர்க்க வழியுண்டு. நகரத்தில் இரவில் தீப்பந்தத்தோடு வந்து கூட்டையே எரித்து, அடையை வாளியில் போட்டுக்கொண்டு போகிறவர்கள் செய்வது அதற்கு நேர்மாறானது. மருந்தடித்த கூட்டின் தேனைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

மலைத்தேனீயைப் பெட்டியில் அடைத்து வளர்க்கலாம் என்று ஆசைப்பட்டவர்கள் உண்டு. 1880களின் தொடக்கத்தில் பிராங்க் பென்டன் என்ற அமெரிக்கர் இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகும் எண்ணத்தோடு இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தார். முயற்சி கைகூடவில்லை. வெளிச்சத்தில், திறந்தவெளியில், ஒற்றை அடையில் வாழ்வதற்காக அமைந்த உடல் இது. பெட்டிக்குள் போட்டால் தங்குவதில்லை. “கொல்ல வேண்டாம், பெட்டியில் பிடித்து எடுத்துப் போகச் சொல்லுங்கள்” என்று உங்கள் குழுவில் நல்லெண்ணத்தோடு எழுதும் நண்பருக்கு இதைச் சொல்லுங்கள். அடுக்குத்தேனீக்கு அது பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

இப்போது, பலரை முதலில் அச்சுறுத்தும் அந்த அலை. கூட்டை உற்றுப் பார்த்தால், ஒரு மூலையில் தொடங்கி மறுமூலை வரை ஒரு மினுக்கம் ஓடி மறையும். ஒரு நொடிக்கும் குறைவான நேரம். நடப்பது இதுதான்: திரையில் தொங்கும் ஒரு தேனீ தன் வயிற்றைச் சடாரென்று மேல்நோக்கித் தூக்கி இறக்குகிறது. பக்கத்தில் இருப்பது அதைப் பார்த்துத் தூக்குகிறது, அடுத்தது, அதற்கடுத்தது என்று நூற்றுக்கணக்கானவை தொடர்கின்றன. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரால்ட் காஸ்ட்பெர்கரும் அவருடைய குழுவினரும் நேபாளத்தில் இந்த அலைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். தேனீயைப் பிடித்துத் தின்ன வரும் பெருங்குளவிகள் இந்த அலையைக் கண்டு விலகிப்போகின்றன என்று அவர்கள் காட்டினார்கள். அதாவது, அலை என்பது தாக்குதல் கிடையாது. ஒரு தேனீகூடக் கூட்டைவிட்டுப் பறக்காமல், ஒரு கொடுக்கும் வீணாகாமல், எதிரியைத் திருப்பி அனுப்பும் வழி அது.

திருவனந்தபுரத்தில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சஜேஷ் விஜயனும் ஹேமா சோமநாதனும், சுவீடனின் எரிக் வாரண்டோடு சேர்ந்து, இதை மேலும் நுணுக்கிப் பார்த்தார்கள். 2022இல் வெளிவந்த அந்த ஆய்வில் கூட்டின் முன்னால் அட்டை வட்டங்களை அசைத்துக் காட்டினார்கள். வெளிச்சமான பின்னணியில் கறுப்பு வட்டம் அசைந்தால் அலை எழுந்தது. கறுப்புப் பின்னணியில் வெளிறிய வட்டம் அசைந்தபோது எழவில்லை. வானத்தின் வெளிச்சத்தில் கறுப்பாக வட்டமிடும் குளவியை அடையாளம் காண்பதற்கு ஏற்றதாக அந்தக் கண் அமைந்திருக்கிறது. கூட்டுக்கு மேலேயுள்ள மாடியிலிருந்து குனிந்து எட்டிப் பார்க்கும் தலை, வானத்தைப் பின்னணியாகக் கொண்ட ஒரு கறுப்பு உருவம்தான். அலை அடிக்கடி ஓடினால், அருகில் எதுவோ அசைந்து தொந்தரவு செய்கிறது என்று எடுத்துக்கொண்டு அங்கிருந்து விலகிவிடுவது நல்லது.

கண்ணைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். ஏனென்றால் உங்கள் புகார்களில் பாதி இரவைப் பற்றியது. விளக்கு போட்டதும் தேனீக்கள் பால்கனிக்கு வந்து டியூப்லைட்டில் மோதி விழுகின்றன, காலையில் தரையெல்லாம் கிடக்கின்றன, வெறுங்காலால் மிதித்தவர் கொட்டு வாங்குகிறார். பிற தேனீக்கள் இருட்டியதும் அடங்கிவிடும். மலைத்தேனீ நிலவொளியிலும் பூத்தேடிப் பறக்கும். பிரெட் டையர் என்ற ஆய்வாளர் 1985இல் வெளியிட்ட ஆய்வின்படி, பாதி நிலாவாவது வானில் இருந்தால் அவற்றால் பறக்க முடிகிறது. திரும்பி வந்து கூட்டில் ஆடிக் காட்டும் திசையும் நிலாவை வைத்து அமைவதில்லை; அடிவானத்துக்குக் கீழே போய்விட்ட சூரியன் அந்த நேரத்தில் எங்கிருக்கும் என்பதைக் கணித்து அமைகிறது. ஒரு விரற்கடைக்கும் சிறிய தலைக்குள் இந்தக் கணக்கு நடக்கிறது என்பதை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

இதற்குக் கருவியாக இருப்பவை கண்களே. ஹேமா சோமநாதனும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, மலைத்தேனீ மூன்றின் கண்களையும் ஒப்பிட்டு எழுதினார்கள். மலைத்தேனீயின் கூட்டுக்கண்ணில் உள்ள வில்லைகள் பெரியவை, ஆகவே ஒவ்வொன்றும் கூடுதல் ஒளியை வாங்குகிறது. உச்சந்தலையில் முக்கோணமாக இருக்கும் மூன்று தனிக்கண்களும் பெரியவை. தாளில் வைத்த தேனீயின் நெற்றிக்கு மேல் மயிரை ஒதுக்கிப் பார்த்தால் அந்த மூன்று பளபளப்பான மணிகள் தென்படும். மங்கிய வெளிச்சத்திலும் வழி காணும் இந்தக் கண்கள்தான் நம் பால்கனி விளக்கை நோக்கி அதை இழுத்துவந்து சாகடிக்கின்றன. கூடு இருக்கும் சில மாதங்களுக்கு அந்தப் பக்கத்து வெளிவிளக்குகளை அணைத்துவைப்பதும், சாயங்காலமே திரைச்சீலையை இழுத்துவிடுவதும், சன்னலுக்குக் கொசுவலை அடிப்பதும் இந்தப் பிரச்சினையைப் பெருமளவு தீர்த்துவிடும். காலையில் செருப்பில்லாமல் பால்கனிக்குப் போக வேண்டாம்.

கார் நிறுத்துமிடத்துப் புகார்: வெள்ளைக் காரின்மேல் மஞ்சள் புள்ளிகள். இந்தப் புள்ளிகளுக்கு ஓர் உலக வரலாறே உண்டு. 1981 செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹெய்க், தென்கிழக்காசியாவில் சோவியத் ஆதரவோடு விஷ ஆயுதம் பயன்படுத்தப்படுவதாகக் குற்றம் சாட்டினார். லாவோசிலும் கம்போடியாவிலும் இலைகள்மேல் விழுந்த “மஞ்சள் மழை” அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. ஹார்வர்டின் மேத்யூ மெசல்சனும் தேனீ ஆய்வாளர் தாமஸ் சீலியும் அந்தப் புள்ளிகளை ஆராய்ந்தபோது, அவற்றில் மகரந்தத்தின் வெற்று ஓடுகளே நிறைந்திருப்பதைக் கண்டார்கள். உள்ளேயிருந்த புரதமெல்லாம் செரித்துப் போயிருந்தது. 1984இல் தாய்லாந்துக்குப் போய், மலைத்தேனீக் கூட்டம் வானில் பறந்தபடி கழிக்கும் எச்சம் மஞ்சள் துளிகளாகப் பொழிவதை நேரிலேயே கண்டார்கள்.

இவ்வளவு பெரிய தேனீ ஏன் மொத்தமாகப் பறந்துபோய்க் கழிக்க வேண்டும்? மலேசியாவின் மக்ட்சிர் மர்தானும் கனடாவின் பீட்டர் கெவனும் 1989இல் ஒரு விளக்கம் தந்தார்கள். உடல் பெரிதாக இருப்பதால் வெப்பம் தேங்குகிறது. வெயில் நேரத்தில் ஒரே சமயத்தில் வெளியேறிக் கழிப்பதால் உடலின் சூடு இறங்குகிறது. கூட்டின் வெப்பம் அளவோடு இருக்க இது உதவுகிறது. அந்தச் சமயத்தில் திரையின் ஒரு பகுதி திடீரென்று கலைந்து, ஆயிரக்கணக்கானவை கூட்டைச் சுற்றி இரைச்சலோடு பறப்பதைப் பார்த்தால் எவருக்கும் குலை நடுங்கும். இளம் தேனீக்கள் கூடிருக்கும் இடத்தைப் பார்த்துப் பழகும் பறத்தலும் இதோடு சேர்ந்தே நடக்கும். சில நிமிடங்களில் எல்லாம் திரும்பித் திரையில் ஒட்டிக்கொள்ளும். அப்போது யாரும் கல்லெறியவோ தண்ணீர் பீய்ச்சவோ கூடாது. காருக்கு ஓர் உறை போதும்.

அந்தி சாய்ந்ததும் வேறொரு பறத்தல் உண்டு. ஆண் தேனீக்கள் இராணிகளைத் தேடிப் புறப்படும் நேரம் அது. 1976இல் வெளியான ஓர் ஆய்வில் நிகோலாஸ் கோனிகரும் விஜயகுணசேகரவும் இலங்கையில் இதைக் குறித்துவைத்தார்கள். கொம்புத்தேனீயின் ஆண்கள் நண்பகலுக்குப் பிறகும், அடுக்குத்தேனீயின் ஆண்கள் மாலை நாலே காலிலிருந்தும் பறக்க, மலைத்தேனீயின் ஆண்கள் மாலை ஆறு மணிக்குப் பிறகு முக்கால் மணி நேரம் மட்டுமே பறந்தன. ஒரே காட்டில் மூன்று இனங்களும் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆணுக்குக் கொடுக்கே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

கொடுக்கு. இதை மழுப்பிப் பேசக்கூடாது. மலைத்தேனீயால் மனிதர் சாகக்கூடும். இலங்கை மலையகத்திலும் நீலகிரியிலும் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள் தேனீயும் குளவியும் கொட்டி இறந்த செய்திகள் தொடர்ந்து வருகின்றன. அவர்களுக்கு ஓடி ஒளிய இடமிருப்பதில்லை. கொடுக்கு என்பது முட்டையிடும் உறுப்பு உருமாறி வந்தது. ஆகவே பெண்ணுக்கு மட்டுமே உண்டு. அதில் பின்னோக்கிய முள்வரிசை இருப்பதால் நம் தோலில் குத்தினால் மாட்டிக்கொள்கிறது. தேனீ விலகும்போது கொடுக்கும் நஞ்சுப்பையும் பிய்ந்து நம் உடலிலேயே தங்கிவிட, அந்தத் தேனீ செத்துப்போகிறது. பிய்ந்த பையின் தசைகள் தாமாகவே துடித்து நஞ்சை உள்ளே செலுத்திக்கொண்டே இருக்கும். அதோடு ஒரு வாசனையும் எழும்பும், வாழைப்பழ எசன்ஸ் போல. அதுதான் மற்றத் தேனீக்களுக்கு எச்சரிக்கை. கொட்டுப்பட்ட இடமே அடுத்த தேனீக்கு இலக்காகிவிடுகிறது. மலைத்தேனீயின் எச்சரிக்கை வாசனையில் சீக்கிரம் ஆவியாகாத பொருளும் கலந்திருப்பதால், கோபம் தணிய நேரமாகிறது, துரத்தும் தூரமும் அதிகம்.

ஒன்று கொட்டினால் கொடுக்கை உடனே எடுத்துவிடுங்கள். சுரண்டி எடுப்பதா கிள்ளி எடுப்பதா என்று யோசிக்கும் நேரத்தில் நஞ்சு ஏறிவிடும். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு வேகமாக எடுக்கிறோம் என்பதே முக்கியம் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். பலவாகத் துரத்தினால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓடி அறைக்குள் புகுந்து கதவைச் சாத்த வேண்டும். கைகளை வீசி விரட்டக் கூடாது. தண்ணீர்த் தொட்டியில் மூழ்கினால் தலை தூக்கும்போது காத்திருக்கும். மூச்சுத் திணறினாலோ, முகமோ நாக்கோ வீங்கினாலோ, தலை சுற்றினாலோ ஒரே ஒரு கொட்டாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கொட்டுகள் நிறைய என்றால் அறிகுறி இல்லாவிட்டாலும் போக வேண்டும், சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

ஆனால் அந்தக் கொடுக்கு எப்போது வெளிவருகிறது என்பதைக் கவனியுங்கள். பருந்து அடையைப் பிய்க்கும்போது, புகை கிளம்பும்போது, பட்டாசு வெடிக்கும்போது, சிறுவர்கள் கல்லெறியும்போது. மருந்தடிக்கும்போதும்தான். இரவில் மருந்தடித்த கூட்டிலிருந்து தப்பியவை மறுநாள் காலையில் நிலைகொள்ளாமல் அந்த இடத்தைச் சுற்றும்போது, கீழே பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகள் கொட்டு வாங்க நேரும். ஆபத்தைத் தவிர்க்க என்று செய்ததே ஆபத்தைக் கூட்டிவிடுகிறது.

கூட்டோடு ஒத்துவாழ வழியுண்டு. இலங்கையின் சிகிரியாவில் பாறைமுகத்தில் மலைத்தேனீக் கூடுகள் தொங்குகின்றன. உலகெங்குமிருந்து ஆட்கள் வரும் இடம் அது. அங்கே கூடு கலைந்து பலர் கொட்டுப்பட்டதும் உண்டு. சிங்கப்பாத மேடையில் மக்கள் ஓடிப் புகுந்துகொள்ளக் கம்பிவலைக் கூண்டு அமைத்தார்கள், சத்தம் போடாதீர்கள் என்று பலகை வைத்தார்கள். அங்கே முடிந்தது உங்கள் வளாகத்திலும் முடியும்.

அதிலும் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கூடு நிரந்தரமானதே இல்லை. பூக்கள் குறைந்ததும் மொத்தக் கூட்டமும் அடையைக் காலி செய்துவிட்டுப் புறப்படும். நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், வேறு பூக்கள் மலரும் இடத்துக்குப் போகும். வழியில் மரங்களில் கொத்தாகத் தொங்கி இளைப்பாறும். அடுத்த பருவத்தில் திரும்பியும் வரும். அசாமில் கூடுகளின் மரபணுவை ஒப்பிட்ட பார், ஓல்ட்ராய்டு, காஸ்ட்பெர்கர் மூவரும், போன கூட்டமே பழைய இடத்துக்குத் திரும்பி வருவதை 2000ஆம் ஆண்டில் காட்டினார்கள். வேலைக்காரத் தேனீயின் ஆயுள் சில வாரங்களே. போன வேலைக்காரிகளில் ஒன்றுகூடத் திரும்பி வரும்வரை உயிரோடிருக்க வழியில்லை. இருந்தும் இடம் தப்புவதில்லை. இது எப்படி என்பது தேனீ ஆய்வில் இன்னும் முடியாத கதை.

அந்தக் கூட்டம் உங்கள் வளாகத்தில் தங்கும் காலத்தில் என்ன செய்கிறது என்பதற்கு இரண்டு சான்றுகள். குடகில் ரோபஸ்டா காபி தன் மகரந்தத்தால் தானே காய்ப்பதில்லை, வேறு செடியின் மகரந்தம் வேண்டும். அங்கே காபிப் பூக்கள் விரியும் சில நாட்களில் அவற்றை மொய்த்துக் காய் பிடிக்க வைப்பதில் மலைத்தேனீக்குத்தான் முதலிடம் என்று ஸ்மிதா கிருஷ்ணனும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் எழுதினார்கள். இரண்டாவது சான்று நகரத்தைப் பற்றியது, வருத்தம் தருவது. பெங்களூருவில் கீதா திம்மேகௌடா, ஷானன் ஓல்சன் உள்ளிட்டோர் டெகோமா என்னும் மஞ்சள் பூச்செடிக்கு வரும் மலைத்தேனீக்களை, காற்று மாசு வேறுபடும் இடங்களிலிருந்து பிடித்து ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். மாசு மிகுந்த இடத்துத் தேனீயின் இறகிலும் காலிலும் உணர்கொம்பிலும் ஈயம் போன்ற உலோகங்கள் கலந்த தூசித் துகள்கள் அப்பியிருந்தன. இதயத்துடிப்பு ஒழுங்கு மாறியிருந்தது. நடுத்தர, அதிக மாசு இடங்களிலிருந்து பிடிக்கப்பட்டவற்றில் 80 விழுக்காட்டுக்கும் மேல் ஒரே நாளில் செத்துப்போயின. பூவிலிருந்து மகரந்தத்தை அள்ளிவரத் தோதான அதே மயிர்தான் நம் புகையையும் அள்ளிக்கொள்கிறது. அவ்வளவையும் தாங்கிக்கொண்டு உங்கள் சன்ஷேடுக்கு வந்து சேர்ந்த கூட்டம் அது.

எனவே சங்கங்களிடம் சில வேண்டுகோள்கள். கூடு எந்த வீட்டுக்கு அருகில், எந்த உயரத்தில் என்பதை முதலில் பாருங்கள். மூன்றாம் மாடிக்கு மேல், யாரும் புழங்காத சுவரில் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்து மொட்டைமாடியைப் பூட்டி, “தேனீக்கூடு உள்ளது, சத்தம், புகை, பட்டாசு வேண்டாம்” என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். வண்ணம் பூசவும் குழாய் பழுதுபார்க்கவும் வரும் தொழிலாளர்கள் பலருக்குத் தமிழ் தெரியாது, கயிற்றில் தொங்கி வேலை செய்யும் அவர்கள்தான் முதலில் மாட்டிக்கொள்வார்கள். அந்தச் சுவரில் அந்தப் பருவத்துக்கு வேலை எதுவும் வைக்காதீர்கள். கொட்டினால் ஒவ்வாமை வரும் என்று தெரிந்தவர் யாரேனும் குடியிருப்பில் இருந்தால் அவருடைய மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவைக்கச் சொல்லுங்கள்.

கூடு தாழ்வாக, பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கோ வாசலுக்கோ மேலேயே இருக்கிறது, ஒவ்வாமை உள்ளவரின் சன்னலை ஒட்டியே இருக்கிறது என்றால் நிலைமை வேறு. அப்போதும் மருந்து வேண்டாம். மலைத்தேனெடுப்பில் பழக்கமுள்ளவர்கள் இரவில் இலேசான புகையால் தேனீக்களை ஒதுக்கி, அடையை மட்டும் அகற்றுவார்கள். அடை போய்விட்டால் கூட்டம் ஓரிரு நாளில் வேறிடம் தேடிப் போகும். புழுக்கள் அழிந்துபோகும் என்பதால் இதுவும் இழப்புதான், ஆனால் இராணியும் பல்லாயிரம் தேனீக்களும் பிழைத்துக்கொள்ளும். இதைச் செய்யும் இரவில் எல்லா வீட்டுச் சன்னல்களும் சாத்தியிருக்க வேண்டும், வெளிவிளக்கு ஒன்றுகூட எரியக் கூடாது. மறுநாள் காலை அந்த வாசலைப் பயன்படுத்தாமல் வேறு வழியாகப் போய்வர ஏற்பாடு செய்யுங்கள்.

அடுத்த ஆண்டு அதே இடத்தில் வர வேண்டாம் என்று நினைத்தால், கூட்டம் தானாகப் போன பிறகு செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. காலியான அடையை எடுத்துவிட்டு, சிமெண்டில் ஒட்டியிருக்கும் மெழுகுத் தடத்தையும் நன்றாகச் சுரண்டி, சோப்புநீரால் கழுவி, மேலே வண்ணம் பூசுங்கள். பழைய மெழுகின் வாசனை அங்கேயே இருந்தால் தேடிவரும் கூட்டத்துக்கு அது அழைப்பாகிவிடும். சன்ஷேடின் அடிப்புறத்தில் நைலான் வலையை இழுத்துக் கட்டினால் அடை ஒட்டப் பிடிமானம் கிடைக்காது. இந்த வேலையை மழைக்காலத்துக்குள் முடித்துவிடுங்கள். வளாகத்தில் ஆட்கள் அதிகம் புழங்காத நீர்த்தொட்டியின் அடிப்புறத்தை மட்டும் வலை கட்டாமல் விட்டுவைத்தால், திரும்பி வரும் கூட்டம் தங்க ஓர் இடம் இருக்கும்.